மக்கள் பெருக்கமும் கதையுலகமும்

கோடை விடுமுறையை ஊரிற் கழித்துவிட்டு, சென்னை ரயிலில் இரண்டு இரவுகள் பயணம் செய்து, புது டில்லி ஸ்டேஷனில் வந்து இறங்குகிறோம். இறங்கியதும் நம் வாயிலிருந்து வரும் முதற் சொல் என்ன? “அப்பாடா, என்ன கூட்டம்!” என்பதுதான். கையில் ஊறுகாய் ஜாடியும், தோளில் மூட்டையும், இடுப்பிற் குழந்தையுமாக நின்றுகொண்டு, நம்மை நெருக்குகிறவர்களையெல்லாம் கூட்டம் என்று சொல்கிறோம். நமக்குப் பின்னே நிற்கும் பஞ்சாபிப் பெரியவர் அதே வேளையில் நம்மைப் பார்த்து அதே சொல்லைத் தம் மொழியிற் சொல்லிக்கொண்டிருப்பார் என்பது நமக்குத் தோன்றுவதில்லை. கூட்டம் என்றால் எப்போதும் பிறரே. நாம் மட்டும் அதில் அகப்பட்டுக்கொண்டவர்கள்!

இந்த மயக்கம் சிறியதுதான். ஆனால், இதே மயக்கத்தின்மேல் உலகில் பல நாவல்கள் எழுந்திருக்கின்றன. சில சட்டங்களும் எழுந்திருக்கின்றன. மக்கள் பெருக்கத்தைப் பற்றிய கற்பனைக் கதைகள் எதைக் கண்டு அஞ்சின, அவ்வச்சத்தில் எது பொய்த்தது, எது மெய்யாயிற்று என்பதை நாம் வாழும் இந்த டில்லி மாநகரை வைத்தே இன்று சற்று ஆராய்வோம்.

1966-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி ஒருவர் தம் மனைவியுடனும் மகளுடனும் டில்லிக்கு வந்திருந்தார். பால் எர்லிக் என்பது அவர் பெயர். வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்து பெயர் பெற்றவர். வெப்பம் மிக்க ஓர் இரவில் அவர்கள் டாக்ஸியில் ஏறித் தங்கியிருந்த ஹோட்டலுக்குத் திரும்பினார்கள். வழியில் ஏழைகள் நெருங்கி வாழும் பகுதி ஒன்று குறுக்கிட்டது. தெருவில் உண்பவர், உறங்குபவர், குளிப்பவர், கையேந்துபவர், பஸ்ஸில் தொற்றிச் செல்பவர் என எங்கு நோக்கினும் மக்கள். வண்டி ஊர்ந்து சென்றது. அன்றிரவு அவர் உள்ளத்தில் அச்சம் புகுந்தது. மக்கள் பெருக்கம் என்பதை அதுவரையில் அறிவினால் அறிந்திருந்ததாகவும், அன்றுதான் உணர்ச்சியினால் அறிந்ததாகவும் அவர் பின்னர் எழுதினார். 1968-ல் வெளிவந்த ‘மக்கள் தொகை வெடிகுண்டு’ என்னும் அவருடைய நூல் இந்த டாக்ஸிப் பயணத்தைக்கொண்டே தொடங்குகிறது. 1970-களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் மடிவர் என்று அது அறைந்து கூறிற்று. அந்நூல் நாவல் அன்று. ஆயினும் வருங்காலம் இவ்வாறெல்லாம் ஆகலாம் என்று சிறுகதைகளைப் போன்ற காட்சிகளை அதிலே புனைந்து வைத்திருந்தார். விஞ்ஞானமும் கற்பனையும் அதில் கைகோத்து நடந்தன.

அந்த இரவில் அவர் கண்டது பொய்யா? பொய் அன்று. ஆனால் கண்டதற்குக் கூறிய காரணம் ஆராயத் தக்கது. டில்லியின் மக்கள் தொகை 1941-ல் 9 இலட்சம். 1951-ல் 17 இலட்சம். 1961-ல் 26 இலட்சம். 1971-ல் 40 இலட்சம். தொட்டிலிற் கிடக்கும் குழந்தைகளால் மட்டும் ஒரு நகரம் முப்பது ஆண்டுகளில் நான்கு மடங்குக்கு மேலாகப் பெருகுவதில்லை. 1947-ல் நாடு துண்டானபோது இலட்சக்கணக்கான அகதிகள் இங்கே வந்து சேர்ந்தனர். பின்னர் வேலை தேடி உத்தரப் பிரதேசத்தாரும், பீகாரிகளும், ராஜஸ்தானத்தாரும் வந்தனர். கரோல்பாக்கிலும் லோதி காலனியிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் குடியேறிய நாமும் வந்தோம். அதே காலத்தில் பாரிஸ் மாநகரப் பகுதியில் டில்லியைவிட மிகுதியான மக்கள் வாழ்ந்தார்கள். பாரிஸ் தெருவிற் கூட்டத்தைக் கண்டால் ‘எவ்வளவு கலகலப்பு!’ என்பார்கள், டில்லித் தெருவிற் கண்டால் ‘எவ்வளவு பெருக்கம்!’ என்பார்கள். எண்ணிக்கையைவிட ஏழ்மையே அந்த டாக்ஸியின் கண்ணாடியில் மோதியது எனலாம். வீடில்லாதவன் தெருவிற் குளிக்கிறான். குளியலறை உள்ளவன் கண்ணில் அது மக்கள் பெருக்கமாகத் தென்படுகிறது.

இனிக் கதாசிரியர்களிடம் வருவோம். இவ்வச்சத்தின் மூலவர் 1798-ல் தம் கட்டுரையை வெளியிட்ட மால்தஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். மக்கள் பெருகும் வேகத்திற்கு உணவு பெருகாது என்பது அவர் கொள்கை. 1932-ல் ஆல்டஸ் ஹக்ஸ்லி எழுதிய ‘துணிவான புது உலகம்’ என்னும் நாவலில், உலக அரசாங்கம் மக்கள் தொகையை 200 கோடி என்று நிலையாகக் கட்டிவைத்திருக்கிறது. குழந்தைகள் தாய் வயிற்றிற் பிறப்பதில்லை. தொழிற்சாலையிற் புட்டிகளில் வளர்கின்றன. பெண்கள் இடையில் அணியும் கச்சைக்குக்கூட மால்தஸின் பெயர். அதில் கருத்தடைச் சாதனங்கள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். அங்கே பசியில்லை, நோயில்லை. ‘அம்மா’ என்னும் சொல் மட்டும் வாய்விட்டுச் சொல்லக் கூசும் இழிசொல்லாகிவிட்டது.

1962-ல் அந்தனி பர்ஜஸ் எழுதிய ‘விழையும் விதை’ என்னும் நாவலில், பிள்ளைப்பேற்றைத் தடுப்பதற்கென்றே ஓர் அமைச்சகம் இயங்குகிறது. மக்கள் தொகைப் போலீஸ் என்று ஒரு தனிப் படையும் உண்டு. கதையின் தொடக்கத்தில் ஒரு குழந்தை இறக்கிறது. அதன் உடலை நிலத்திற்கு உரமாக்குவதற்கு அரசாங்கத்தார் எடுத்துச் செல்கிறார்கள். பெற்றவள் அழுகிறாள், மற்றவர்களோ உலகில் உண்ணும் வாய் ஒன்று குறைந்தது என்கிறார்கள்.

1966-ல், அதாவது எர்லிக் டில்லிக்கு வந்த அதே ஆண்டில், ஹாரி ஹாரிசன் என்பவர் ‘இடம் விடு! இடம் விடு!’ என்னும் நாவலை வெளியிட்டார். 1999-ஆம் ஆண்டின் நியூயார்க்கில் 3½ கோடி மக்கள் நெருங்கி வாழ்வதாகக் கதை. தண்ணீருக்கு வரிசை, உணவுக்குக் கலகம். ஒரு கிழவர் இறந்த மறுகணமே அவருடைய இடத்தில் பல பிள்ளைகளையுடைய வேறொரு குடும்பத்தைச் சட்டப்படி கொண்டுவந்து குடியேற்றுகிறார்கள். 1946-ல் தாம் சந்தித்த ஓர் இந்தியரே இந்தக் கருத்தைத் தம் மனத்தில் முதலில் விதைத்தவர் என்று ஹாரிசன் பின்னாளிற் கூறினார். 1973-ல் இது திரைப்படமாயிற்று. படம் எடுத்தவர்கள், பட்டினி நகரத்திற்கு வழங்கப்படும் பச்சை நிறப் பலகாரம் மனித உடலிலிருந்து செய்யப்படுவது என்ற பயங்கரத்தைத் தாமாகவே சேர்த்துக்கொண்டார்கள். நாவலில் அது இல்லை; அங்கே கிடைப்பது வெறும் சோயா மொச்சையும் பருப்பும் சேர்ந்த பண்டமே.

1968-ல் ஜான் ப்ரன்னர் எழுதிய ‘சான்சிபாரில் நிற்போம்’ என்னும் நாவல் 2010-ஆம் ஆண்டைப் பற்றியது. அப்போது உலகில் 700 கோடி மக்கள் இருப்பர். தோளோடு தோள் சேர நிறுத்தினால் சான்சிபார்த் தீவு முழுவதும் நிரம்பிவிடும் என்பது அவர் கணக்கு. அவ்வுலகிற் பரம்பரைக் குறை உள்ளவர்கள் பிள்ளை பெறச் சட்டம் இடங்கொடுப்பதில்லை.

இக்கதைகளை ஒருசேர வைத்து நோக்கினால், அவற்றுள் இரண்டு அச்சங்கள் பின்னிக் கிடப்பது புலனாகும். ஒன்று, மக்கள் மிகுந்து போவார்களே என்பது. மற்றொன்று, மக்களைக் குறைப்பதற்கென்று ஓர் அரசு மனிதரின் படுக்கையறைக்குள் நுழைந்துவிடுமே என்பது. நம் காலத்துப் பஞ்சாங்கத்தைக்கொண்டு இவ்விரண்டையும் ஒத்துப் பார்ப்போம்.

1999-ல் நியூயார்க்கில் இருந்தவர் 3½ கோடி அல்லர். ஏறத்தாழ 80 இலட்சமே. ப்ரன்னர் கூறிய 700 கோடி மட்டும் வியப்பூட்டும் வகையில் சரியாகவே வந்தது; 2011-ல் உலகம் அந்த எண்ணைத் தொட்டுவிட்டதாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. ஆனால் எண் பலித்தும் பயம் பலிக்கவில்லை. வறுமை ஒழிந்தது என்று சொல்ல நமக்கு வாய் இல்லை. எனினும் முன்னறிவித்த அந்த மாபெரும் சாவு வரவில்லை.

அது ஏன் வரவில்லை என்பதற்கு விடையின் ஒரு பகுதி டில்லியிலேயே இருந்தது. 1965-லும் 1966-லும் மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்நோக்கியே நாடு உண்டது. ஆகவே அன்றைய அச்சம் அடியோடு ஆதாரமற்றதென்று நாம் சொல்லலாகாது. ஆனால் எர்லிக்கின் டாக்ஸி ஊர்ந்து சென்ற அதே ஆண்டில், இந்நகரின் பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில், கும்பகோணத்திற் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் குட்டை ரகக் கோதுமையை நம் மண்ணுக்கு இசைவிக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் 18,000 டன் மெக்சிகோ விதையைத் தருவித்தார். தம் டில்லி பங்களாவின் புல்தரையையே உழுது கோதுமை விதைத்துக் காட்டினார். நகரத்தின் எல்லையில் உள்ள ஜௌந்தி என்னும் சிற்றூர் விதைக் கிராமமாயிற்று. 1968-ல் கோதுமைப் புரட்சிக்கென அஞ்சல் தலை ஒன்று வெளியிடும் அளவுக்கு விளைச்சல் பெருகியது. மனிதனுக்கு ஒரு வயிறு உண்டு என்பதை எண்ணிய கதாசிரியர்கள், அவனுக்கு இரண்டு கைகளும் ஒரு மூளையும் உண்டு என்பதை எண்ண மறந்தார்கள்.

முதல் அச்சம் இவ்வாறு பொய்த்தது. இரண்டாம் அச்சமோ மெய்யாயிற்று. வெளிநாட்டு நாவல்களில் வருங்காலமாக எழுதப்பட்டது இந்த டில்லியில் நிகழ்காலமாக நடந்தேறியது.

1952-ல் உலகிலேயே முதன்முறையாகத் தேசிய அளவில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது நம் நாடே. அது பெரும்பாலும் அறிவுரையும் ஊக்கத் தொகையுமாகவே நடந்துவந்தது. 1974-ல் புகாரெஸ்ட் நகரில் கூடிய உலக மாநாட்டில், வளர்ச்சியே சிறந்த கருத்தடை என்னும் கருத்தை இந்திய அமைச்சர் டாக்டர் கரண் சிங் எடுத்துரைத்தார். உலகம் பாராட்டிற்று. ஓராண்டுகூடக் கடக்கவில்லை. 1975 ஜூன் 25-ல் நெருக்கடி நிலை வந்தது. 1976 ஏப்ரலில் அதே அமைச்சர் வெளியிட்ட மக்கள் தொகைக் கொள்கை, வளர்ச்சிக்காகக் காத்திருக்க நேரமில்லை என்னும் போக்கில் அமைந்தது. கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்ற விரும்பும் மாநிலங்களுக்கு அது வழிவிட்டது. எர்லிக் தம் நூலில் முன்பே ஒன்று எழுதியிருந்தார். மூன்று பிள்ளைகளும் அதற்கு மேலும் பெற்ற இந்திய ஆண்கள் அனைவருக்கும் கருத்தடை செய்யலாம் என்ற யோசனை எழுந்தபோது, அமெரிக்கா ஹெலிகாப்டர்களும் வண்டிகளும் அறுவைக் கருவிகளும் தந்து உதவியிருக்க வேண்டும் என்பதே அது. டாக்ஸியின் சன்னல் வழியே கண்ட ஒரு கூட்டம், இரண்டே ஆண்டுகளில் அறுவைக் கத்தியின் அருகில் வந்துவிட்டதைப் பாருங்கள்.

பழைய டில்லியில் ஜும்மா மசூதிக்கு அருகே துஜானா ஹவுஸ் என்னும் இடத்தில் 1976 ஏப்ரலில் கருத்தடை முகாம் ஒன்று திறக்கப்பட்டது. அதே வாரங்களில் துருக்மான் கேட் பகுதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. ஏப்ரல் 19-ஆம் நாள் மக்கள் திரண்டு தடுத்தபோது போலீசார் சுட்டனர், உயிர்கள் மாண்டன. நெருக்கடிக் காலத்தில் டில்லியிற் குடிபெயர்க்கப்பட்டவர் ஏறத்தாழ 7 இலட்சம் பேர். யமுனைக்கு அப்பாலும் நகரத்தின் ஓரங்களிலும் அவர்களுக்கு மனைகள் அளந்து தரப்பட்டன. டில்லிக்குத் தெற்கே ஹரியானாவின் உட்டாவர் என்னும் கிராமத்தை 1976 நவம்பரில் ஒரு நாள் விடியுமுன் போலீசார் வளைத்து, ஆண்களைக் கூட்டிச் சென்று, பலருக்கு அறுவை செய்வித்தனர்.

1976-77 என்ற ஓராண்டில் மட்டும் நாடெங்கும் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. நெருக்கடி நிலையை விசாரித்த ஷா கமிஷன் முன், அறுவையின் தொடர்பாக 1,774 பேர் இறந்ததாகவும், மணமாகாதவர்களுக்கும் அறுவை செய்யப்பட்டதாக 548 புகார்கள் வந்ததாகவும் கணக்குகள் வைக்கப்பட்டன. எண்களைக் குறைக்கப் புறப்பட்டவர்கள் எண்களுக்கே மனிதர்களை இரையாக்கினார்கள்.

இது எவ்வாறு நடந்தது? இங்கேதான் நாம் நம் மனத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நாவல்களில் வருவதுபோலக் கறுப்புச் சட்டை அணிந்த தனிப் படை எதுவும் தெருத்தெருவாகத் திரியவில்லை. ‘இலக்கு’ என்ற ஒரே சொல் மேலிடத்திலிருந்து இறங்கி வந்தது. மாநிலத்திற்கு இவ்வளவு, மாவட்டத்திற்கு இவ்வளவு, ஆபீசுக்கு இவ்வளவு, பள்ளி ஆசிரியருக்கு இவ்வளவு என்று அது பங்கிடப்பட்டது. பங்கை நிறைவேற்றாத ஆசிரியரின் சம்பளம் நின்றது. மனைக்கும் உரிமத்திற்கும் பதவி உயர்வுக்கும் அறுவைச் சான்றிதழ் கேட்கப்பட்டது. பின்னாளில் எம்மா டார்லோ என்னும் மானிடவியல் அறிஞர், யமுனைக்கு அப்பாலுள்ள வெல்கம் காலனியின் பழைய சர்க்கார்க் கோப்புகளைப் படித்தும் மக்களை வினவியும் 2003-ல் ஒரு நூல் எழுதினார். தம் மனையை இழக்காதிருக்க ஒருவர் தாமே அறுவை செய்துகொள்ள வேண்டும். அன்றேல் வேறொருவரை அறுவைக்கு இணங்கச் செய்து, அதற்குரிய சான்றைக் காட்ட வேண்டும். ஆகவே பணமுள்ள ஏழை, பணமில்லாத ஏழையை விலைக்கு வாங்கினான். கோப்பிலே எல்லாம் ஒழுங்காக, கையொப்பமும் முத்திரையுமாக விளங்கியது.

டில்லித் தமிழராகிய நம்மிற் பெரும்பாலோர் அக்காலத்தில் செக்ரடேரியட் குமாஸ்தாக்கள், சுருக்கெழுத்தாளர், கணக்காளர், ஆசிரியர். மேசைக்கு இந்தப் பக்கத்தில் அமர்ந்து, பிழையின்றி எழுதுவதற்குப் பெயர் பெற்றவர்கள். அந்த எண்களைத் தட்டெழுத்தில் அடித்தவர் யார், கூட்டிச் சரிபார்த்தவர் யார் என்று நாம் யாரையும் சுட்டிக் குற்றம் சாட்ட வரவில்லை. சம்பளத்தை நம்பி வாழ்பவனுக்கு மறுத்துரைப்பது எளிதன்று. ஆனால் கொடுமை என்பது கொடியவரால் மட்டுமே நடப்பதன்று. கூட்டல் பிழையின்றிப் போடும் நல்லவராலும் நடக்கும் என்பதை அந்தக் கோப்புகள் நமக்குக் கற்பிக்கின்றன. இந்த உண்மையை அயல்நாட்டு நாவல்களைவிட நம் நகரத்தின் காகிதங்களே தெளிவாகக் கூறுகின்றன.

கதையுலகமும் பின்னர் இதை எடுத்துக்கொண்டது. 1981-ல் வெளிவந்த சல்மான் ருஷ்டியின் ‘நள்ளிரவின் குழந்தைகள்’ என்னும் நாவலில், சுதந்திரம் பிறந்த வேளையிற் பிறந்த அற்புதக் குழந்தைகள் நெருக்கடிக் காலத்திற் பிடித்துச் செல்லப்பட்டு மலடாக்கப்படுகிறார்கள். ஜும்மா மசூதி நிழலில் வாழ்ந்த மாயவித்தைக்காரர் சேரி தரைமட்டமாகிறது. மாயக் கதையாக அவர் சொன்னதை, 1995-ல் ரோஹின்டன் மிஸ்திரி ‘நுண்ணிய சமநிலை’ என்னும் நாவலில் மாயம் எதுவுமின்றிச் சொன்னார். ஈஷ்வர், ஓம் என்னும் இரண்டு தையற்காரர்கள். பெரியப்பனும் மகனும் என்ற முறை. திருமணம் பேசுவதற்காக ஊருக்குச் சென்றவர்களைச் சந்தைத் தெருவில் வளைத்து அறுவைக் கூடாரத்தில் ஏற்றுகிறார்கள். அவர்கள் கூட்டமல்லர், அளவெடுத்துச் சட்டை தைக்கத் தெரிந்த இருவர். அவர்களோடு அறுநூறு பக்கங்கள் வாழ்ந்துவிட்ட பிறகு, ‘80 இலட்சம்’ என்ற எண்ணை நாம் பழையபடி படிக்க முடிவதில்லை. ஒரு நல்ல நாவல் செய்யக்கூடிய தொண்டு இதனினும் பெரிதில்லை.

தமிழிலும் இவ்வழி வந்த படைப்பு உண்டு. டில்லியில் சில காலம் அரசாங்கப் பணியிலிருந்த சுஜாதா, 1980-களில் ‘என் இனிய இயந்திரா’ என்னும் தொடர்கதையை ஆனந்த விகடனில் எழுதினார். நம் நூற்றாண்டின் இருபதுகளின் தொடக்கம் அதன் காலம். மக்களின் பெயர் இரண்டே எழுத்தில் அடங்க வேண்டும். பிள்ளை பெற சர்க்காரின் அனுமதி வேண்டும். நிலா என்னும் பெண் அந்த அனுமதி கிடைத்த மகிழ்ச்சியில் இருக்கும்போது அவள் கணவன் காணாமற் போகிறான். இயந்திர நாய்க்குட்டியின் வேடிக்கையில் மயங்கிப் படித்த இளைஞர் பலர், அதன் முதல் அத்தியாயங்களில் நெருக்கடிக் காலத்தின் நிழல் விழுந்திருப்பதைக் கவனித்திருக்கமாட்டார்கள்.

சரி, கட்டாயத்தால் சாதிக்க நினைத்ததை நாடு எவ்வாறு சாதித்தது? 1977-ல் மக்கள் வாக்குச் சீட்டால் விடை கூறினர். வடநாட்டில் ஆளுங்கட்சி அடியோடு சாய்ந்தது. ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்ற துறையின் பெயரும் ‘குடும்ப நலம்’ என்று மாறியது. 1960-களில் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஆறு பிள்ளைகள். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இரண்டே பிள்ளைகள். தமிழ்நாட்டில் 1.8, நாம் வாழும் டில்லியில் 1.6. தமிழ்நாடு இந்நிலையை முன்கூட்டியே அடைந்ததற்குப் பெண்கள் பள்ளி சென்றதும், திருமண வயது உயர்ந்ததும், மதிய உணவும், ஆரம்ப சுகாதார நிலையங்களும், பிறந்த குழந்தை பிழைத்து வளரும் என்ற நம்பிக்கையும் காரணங்களாம். ‘மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்’ என்று எட்டுப் பிள்ளை பெற்ற நம் பாட்டிமார் அறியாமையாற் பெறவில்லை. எட்டில் நான்காவது தங்குமா என்ற ஏக்கத்தாற் பெற்றார்கள். பிள்ளை தங்கும் என்ற உறுதி வந்தபோது, அவர்தம் பேத்திமார் எவர் கட்டளையுமின்றி இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். நாட்டின் செல்வக் கணக்கிற்காக அன்றிப் பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்று பெரியார் 1930-களிலேயே வாதிட்டது ஈண்டு நினைக்கத் தக்கது.

ஆனால் நாம் நெஞ்சு நிமிர்த்துவதற்கு முன் ஒன்றை மறக்கலாகாது. குடும்பம் சிறுத்தபோது ஆண்பிள்ளை ஆசை சிறுக்கவில்லை. சேலம் மாவட்டத்திலும் உசிலம்பட்டிப் பக்கத்திலும் பிறந்த பெண் குழந்தைகள் கொல்லப்பட்டன. 1992-ல் அரசாங்கமே தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்தது. ‘அளவான குடும்பம்’ என்பதில் வெட்டப்பட்டது யாருடைய அளவு என்பதை அந்தத் தொட்டில்கள் கேட்டன. மேலும் 1977-க்குப் பின் அறுவையின் சுமை ஆண்களை விட்டுப் பெண்கள்மேல் ஏறியது. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலத்துப் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தனர். பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2016-ல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளில் நிறுத்தும்படி ஆணையிட்டது. இலக்கு என்னும் பேய் எளிதில் மரத்தை விட்டு இறங்குவதில்லை.

இப்போது அப்பேய் திசை மாறி நிற்கிறது. 1992-ல் பி. டி. ஜேம்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் எழுதிய ‘மனிதரின் மக்கள்’ என்னும் நாவலில், உலகில் பிள்ளையே பிறப்பதில்லை. பொம்மையைத் தள்ளுவண்டியில் வைத்து உலாவும் பெண்களைக் காண்கிறோம். மிகுதியைப் பற்றிய அச்சம் மாறி, குறைவைப் பற்றிய அச்சம் கதையாயிற்று. 2024-ல் தென்னாட்டுத் தலைவர்கள் சிலர், மக்கள் தொகை குறைந்தால் முதியோரைத் தாங்குவது யார், நாடாளுமன்றத்தில் நம் இடம் என்னாகும் என்று கவலையுற்று, மிகுதியாகப் பிள்ளை பெறலாமே என்று பேசினர். ‘பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க’ என்னும் பழைய வாழ்த்தும் மேடையேறியது. அந்தப் பதினாறு பிள்ளைகள் அல்ல, பதினாறு செல்வங்கள் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவர். அவர்கள் கவலை ஆராய வேண்டிய கவலைதான். தவறு செய்யாதவர் தண்டனை பெறலாகாது என்பதும் நியாயமே. எனினும், ‘பெறாதே’ என்று ஆணையிட்ட குரலும், ‘பெற்றுக் கொடு’ என்று கேட்கும் குரலும் ஒரு செய்தியில் ஒன்றுபட்டுவிடக் கூடாது. இரண்டும் பெண்ணின் வயிற்றை நாட்டின் களஞ்சியமாகக் கருதினால், ஹக்ஸ்லியின் புட்டிகளுக்கும் நமக்கும் தூரம் அதிகமில்லை.

முடிக்குமுன், தொடங்கிய இடத்திற்கே திரும்புவோம். டில்லி ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்காலின் ஓரத்தில் மதராசி கேம்ப் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்து, அண்டை வீடுகளிற் சமைத்தும் துலக்கியும் பிழைத்த நம் மக்கள் பல்லாண்டுகளாக அங்கே வாழ்ந்தார்கள். வெள்ள நீர் வடிவதற்குத் தடையாக இருப்பதென நீதிமன்றத்தின் ஆணைப்படி 2025 ஜூன் முதல் நாள் அது இடிக்கப்பட்டது. தகுதியுடையோர் எனக் கணக்கில் வந்தவர்களுக்குத் தொலைவிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. அந்த ஆணையின் நியாயத்தை இங்கே நாம் விவாதிக்கவில்லை. நம் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. நகரத்தின் வரைபடத்தில் அவர்கள் ‘ஆக்கிரமிப்பு’. எவருடைய காரின் சன்னலிலிருந்து நோக்கினும் அவர்கள் ‘கூட்டம்’. நமக்கோ, அவர்கள் நம் தெருவில் கோலமிட்டவர்கள். பொங்கலன்று கரும்பு பங்கிட்டுக்கொண்டவர்கள். நாம் கூப்பிட்டால் ‘என்னம்மா’ என்று திரும்பிப் பார்த்தவர்கள்.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை ஸ்டேஷனில் இறங்கும்போது ‘என்ன கூட்டம்!’ என்ற சொல் நாவில் வரட்டும், அது இயல்பு. சொன்ன பிறகு ஒரு கணம் நின்று, எதிரே வரும் ஒரே ஒரு முகத்தை ஏறெடுத்துப் பார்ப்போம். கணக்கெடுப்பு நாட்டிற்குத் தேவை. திட்டம் தீட்டுவோர் எண்ண வேண்டும், நாமும் எண்ணத்தான் வேண்டும். ஆனால் எண்ணி முடித்தபின் அந்த எண்ணை மீண்டும் மனிதர்களாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கமும் நமக்கு வேண்டும். அதைச் செய்யத் தவறிய ஊர் எப்படி இருக்கும் என்பதைக் காட்டவே அந்தக் கற்பனை நாவல்கள் எழுந்தன. டில்லி அதனை ஒருமுறை கண்டுவிட்டது. மறுமுறை காண வேண்டாம்.